இராமநகரம் படப்பிடிப்புப் பகுதி

இராமநகரம் கருநாடக மாநிலத்தில், பெங்களூருவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், அர்க்காவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு நகரம் ஆகும். பட்டுக்கூடுச் சந்தைக்குப் பெயர் பெற்ற இவ்வூரை ஒட்டியுள்ள பாறைக்குன்றுகள் இந்தியத் திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றவை. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஷோலே என்னும் இந்தித் திரைப்படத்தின் பெரும்பகுதி இங்குதான் படமாக்கப்பட்டது. 1984இல் வெளிவந்த எ பேசேஜ் டு இந்தியா என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் குகைக் காட்சிகளும் இப்பகுதியில் எடுக்கப்பட்டவையே. இக்கட்டுரை நகரத்தைப் பற்றியதன்று; படப்பிடிப்பு நிகழ்ந்த குன்றுப் பகுதியையும் அதன் பிற்கால நிலையையும் பற்றியது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருட்டிணகிரி வட்டாரத்தவருக்கு இந்நிலக்காட்சி புதிதாகத் தோன்றாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற உருண்டைப் பாறைகள், இடையிடையே முட்புதர்கள், அடிவாரத்தில் கேழ்வரகு வயல்களும் முசுக்கொட்டைத் தோட்டங்களும் என எல்லைக்கு இப்புறம் காணப்படும் அதே நில அமைப்புத்தான் அப்புறமும் தொடர்கிறது.

பெயர்

இவ்வூர் திப்பு சுல்தான் காலத்தில் சம்சேராபாத் என அழைக்கப்பட்டது. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர், மைசூர் அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த பாரி குளோசு என்பவரின் பெயரால் குளோசுபேட்டை ஆயிற்று. மைசூர் மாநிலத்தின் முதலமைச்சராக 1952 முதல் 1956 வரை பதவி வகித்தவரும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவருமான கெங்கல் அனுமந்தையாவே இதற்கு இராமநகரம் எனப் பெயரிட்டவர். ஊர்ப்பெயர் மாறிய பின்னரும் ஆங்கிலப் பெயர் புவியியலில் தங்கிவிட்டது. இங்குள்ள பாறை வகையை நிலவியலாளர் இன்றும் குளோசுபேட்டைக் கருங்கல் என்றே குறிப்பிடுகின்றனர்.

இராமநகரத்தைச் சுற்றி ஏழு குன்றுகள் உள்ளதாகக் கூறுவர். சிவராமகிரி, சோமகிரி, கிருட்டிணகிரி, யதிராசகிரி, இரேவண சித்தேசுவரர் மலை, சிடிலகல்லு, சல சித்தேசுவரர் மலை என்பன அவை. இவற்றுள் ஒன்றான கிருட்டிணகிரியைத் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரான கிருட்டிணகிரியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய ஆங்கிலப் போர்க்குறிப்புகளைப் படிப்போருக்கு இக்குழப்பம் எளிதில் நேரக்கூடியது. ஏனெனில் இரு வட்டாரங்களும் ஒரே போரின் களங்களாக இருந்தவை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. அதே ஆண்டு திசம்பர் 21 அன்று சாவனதுர்கம் வீழ்ந்தது. அதனை அடுத்து இராமநகரத்துக் குன்றுகளின்மேல் இருந்த இராமகிரி, சிவகிரிக் கோட்டைகளும் பணிந்தன.

2007ஆம் ஆண்டில் இராமநகரம் தனி மாவட்டமாக்கப்பட்டது. 2025இல் அம்மாவட்டத்துக்குப் பெங்களூரு தெற்கு எனப் பெயரிட மாநில அமைச்சரவை முடிவு செய்தது. நகரத்தின் பெயரில் மாற்றமில்லை.

பாறைகள்

குளோசுபேட்டைக் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. தெற்கு வடக்காகப் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை போல் இது நீண்டு கிடக்கிறது. நிலத்துக்கடியில் இறுகிய இக்கல், மேலே இருந்த மண்ணும் பிற பாறைகளும் அரிக்கப்பட்ட பின்னர் வெளிப்பட்டது. கல்லில் இயல்பாகவே அமைந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கிக் கூர்முனைகளைத் தேய்த்ததால் பாறைகள் உருண்டை வடிவம் பெற்றன. செங்குத்தான வெற்றுப் பாறைச் சுவர்கள், அவற்றின் உச்சியில் விழுந்துவிடுவன போல் நிற்கும் குண்டுக்கற்கள், அடியில் சமமான வெளி ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் அடங்குவது இவ்விடத்தின் சிறப்பு. திரைப்படத்துறையினரைக் கவர்ந்ததும் இதுவே.

குன்றுகளில் புகழ்பெற்றது இராமதேவர பெட்டா ஆகும். கன்னடத்தில் பெட்டா என்றால் மலை. மேலே பட்டாபிராமர் கோயில் உள்ளது. வனவாசத்தின்போது இராமன் இங்குத் தங்கியதாகவும், காகாசுரனை இங்கு வதைத்ததாகவும், அதனால் இம்மலையில் காகங்கள் வருவதில்லை என்றும் தலபுராணம் கூறுகிறது. ஓர் ஊர் தன் மலையைப் பறவையோடு இணைத்துக் கதை சொல்லியிருப்பது, பின்னர் வரும் பாறுக் கழுகுகளின் செய்தியோடு சேர்த்துப் பார்க்கையில் சுவையானது.

ஷோலே

இயக்குநர் இரமேசு சிப்பி, தம் தந்தை சி. பி. சிப்பியின் தயாரிப்பில், சலீம்–சாவேத் எழுதிய கதையைப் படமாக்க முனைந்தபோது கொள்ளையர் கதைகளுக்கு இந்தித் திரையுலகில் ஒரு வழக்கமான களம் இருந்தது. அது சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பல படங்களில் பார்த்துச் சலித்த அந்த மண்மேடுகளைத் தவிர்த்து வேறோர் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. கலை இயக்குநர் இராம் எடேகர் கண்டுபிடித்த இடமே இராமநகரம்.

இராம்கட் என்னும் கற்பனைச் சிற்றூர் முழுவதும் பாறைகளின் அடிவாரத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. தாக்கூரின் மாளிகை, கோயில், மசூதி, தெருக்கள், நீர்த்தொட்டி என ஓர் ஊருக்கு வேண்டிய அனைத்தும் எழுப்பப்பட்டன. பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து படப்பிடிப்பிடம் வரை வண்டிகள் செல்வதற்குச் சாலையும் போடப்பட்டது. கப்பர் சிங்கின் இருப்பிடத்துக்கு மட்டும் பெரிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பாறைகளே போதுமானவையாக இருந்தன. மின்சாரம் இல்லாததால் மாலைதோறும் விளக்கேற்றும் ஊரில் மேல்நிலை நீர்த்தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஏறியது என்பது படத்தின் இரசிகர்கள் நெடுங்காலமாகக் கேட்டுச் சிரிக்கும் கேள்வி.

படப்பிடிப்பு 1973 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. முழுப்படமும் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அக்கால வழக்கப்படி இது மிக நீண்ட காலம். காலத்தைத் தின்றவற்றுள் முதன்மையானது வெளிச்சம். அமிதாப் பச்சன் வாயிலில் அமர்ந்து மௌத் ஆர்கன் வாசிக்க, சயா பாதுரி மாடத்தில் விளக்குகளை அணைத்துச் செல்லும் சிறு காட்சி திரையில் ஓரிரு நிமிடங்களே வருவது. பொழுது சாய்ந்து இருள் கவியும் அந்தச் சில நிமிட வெளிச்சம் வேண்டும் என்பதில் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா உறுதியாக இருந்ததால், இதற்கு மட்டும் இருபது நாட்கள் தேவைப்பட்டன. தாக்கூரின் குடும்பம் கொல்லப்படும் காட்சிக்கு இருபத்து மூன்று நாட்கள் ஆயின.

உள்ளூர் மக்கள் பலர் கூட்டக் காட்சிகளில் தோன்றினர். கதைப்படி இராம்கட் வட இந்தியச் சிற்றூராயினும், திரையின் ஓரங்களில் நிற்கும் முகங்களுட் பல மைசூர்ச் சீமையின் முகங்கள். குதிரைவண்டிக்காரி பசந்தியாக நடித்த ஏமமாலினியும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.

படத்தில் வருவன எல்லாம் இங்கு எடுக்கப்பட்டவை அல்ல. தொடக்கத்தில் வரும் புகழ்பெற்ற தொடருந்துச் சண்டை, பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதை அருகிலேயே செல்வதால் இராமநகரத்தில் எடுக்கப்பட்டது எனப் பலர் நம்புகின்றனர். அது மகாராட்டிரத்தில், மும்பை–புனே இருப்புப்பாதையில், பன்வேலுக்கு அருகில் எடுக்கப்பட்டது. அதற்கு மட்டும் ஏழு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. சிறைக்காட்சிகளுக்கான அரங்கு மும்பையில் இராச்கமல் படப்பிடிப்பு நிலையத்தை அடுத்து அமைக்கப்பட்டது.

ஷோலே 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டுப் பின்னர் 70 மில்லிமீட்டராகப் பெருக்கப்பட்டது. அகன்ற திரைக்கு அகன்ற நிலம் தேவை. நால்வர் மட்டுமே நிற்கும் காட்சியிலும் மீதித் திரையை வெறுமையாக விடாமல் நிரப்பியவை இப்பாறைகளே. கப்பர் சிங் பாறைமேல் நடந்தபடி தன் ஆட்களைக் கேள்வி கேட்கும் காட்சியில், அவன் நிற்கும் உயரமும் மற்றவர் நிற்கும் தாழ்வும் இயற்கையாக அமைந்தவை. அம்சத் கான் பெரிய அளவில் அறியப்பட்டது இப்படத்தின் மூலமே.

மாற்றப்பட்ட முடிவு

படம் வெளியாகுமுன், 1975 சூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. முதலில் எடுக்கப்பட்ட முடிவின்படி, கைகளை இழந்த தாக்கூர், ஆணி பதித்த காலணிகளால் கப்பரை மிதித்துக் கொன்றுவிடுவார். முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தம் கையில் எடுப்பதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. வெளியீட்டு நாளான ஆகத்து 15க்குச் சில வாரங்களே இருந்தன. தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார் திரைப்பட விழாவுக்காகச் சோவியத் ஒன்றியம் சென்றிருந்தார். அவர் திரும்பி வந்த பின்னர் படக்குழுவினர் மீண்டும் இராமநகரம் வந்து, காவலர்கள் உரிய நேரத்தில் வந்து கப்பரைக் கைது செய்வதாக முடிவை எடுத்தனர். ஐந்து ஆண்டுகளாக மும்பை மினர்வா திரையரங்கில் ஓடியதும், ஒரு தலைமுறை மனப்பாடமாக அறிந்ததும் இந்த இரண்டாம் முடிவே.

முதல் முடிவு உள்ளடங்கிய மீட்டெடுக்கப்பட்ட படி, பிலிம் எரிட்டேச் பவுண்டேசன் அமைப்பினரின் முயற்சியால் 2025 சூன் 27 அன்று இத்தாலியின் போலோனா நகரில் திரையிடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எல்லையோரத்துக் குன்றடியில் எடுக்கப்பட்டு, நம் திரையரங்குகளுக்கு வராமற்போன காட்சியை முதலில் பெரிய திரையில் கண்டவர்கள் ஐரோப்பிய நகரச் சதுக்கம் ஒன்றில் கூடியவர்கள்.

சிப்பி நகர்

படத்தின் வெற்றிக்குப் பின் இராமநகரத்தின் ஒரு பகுதி இயக்குநரின் நினைவாகச் சில காலம் சிப்பி நகர் என அழைக்கப்பட்டது. ஊர்ப்பெயர்கள் அரசர்களாலும் அதிகாரிகளாலும் சூட்டப்பட்ட ஓரிடத்தில், திரைப்பட இயக்குநர் ஒருவரின் பெயர் மக்கள் வழக்கில் ஒட்டிக்கொண்டது குறிப்பிடத்தக்கது. ஆனால் கட்டப்பட்ட இராம்கட் நிலைக்கவில்லை. படப்பிடிப்புத் தேவைக்காக எழுப்பப்பட்ட வீடுகளுள் எதுவும் இன்று இல்லை. மாளிகையையும் நீர்த்தொட்டியையும் காணும் ஆவலுடன் வருவோர் புதர்களையும் பாறைகளையுமே காண்கின்றனர். எந்தப் பாறை எந்தக் காட்சியில் வருகிறது என்பதை உள்ளூரார் சுட்டிக்காட்டினால்தான் உண்டு. அவர்கள் காட்டும் இடங்களும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எ பேசேஜ் டு இந்தியா

இங்கிலாந்து இயக்குநர் தேவிட் லீன், இ. எம். பாசுட்டர் 1924இல் எழுதிய புதினத்தைப் படமாக்கியபோது அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. கதையின் மையமான மராபார்க் குகைகள் பீகாரிலுள்ள பராபர்க் குகைகளை முன்மாதிரியாகக் கொண்டவை. அவற்றைச் சூழ்ந்த குன்றுகள் தாழ்வானவை. லீன் வேண்டியதோ ஆளை அச்சுறுத்தும் உயரம். எனவே இராமதேவர பெட்டாவும், மாகடி வட்டத்திலுள்ள ஒற்றைப் பெரும்பாறையான சாவனதுர்கமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இங்கு அத்தகைய குகைகள் இல்லை; குகைவாயில்கள் படத்துக்காகவே பாறையில் குடையப்பட்டன. சந்திரப்பூர் என்னும் கற்பனை நகரின் கடைத்தெரு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அமைக்கப்பட்டது.

இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். ஷோலேயில் பாறை பகைவனின் கோட்டை. லீனின் படத்திலோ அது பொருள் விளங்காத வெறுமை. இடம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் அது வட இந்தியாவாக நடித்திருக்கிறதே ஒழியத் தானாகத் தோன்றவில்லை.

பாறுக் கழுகுகள்

செங்குத்துப் பாறைகளின் பிளவுகளும் திட்டுகளும் பாறுக் கழுகுகளுக்கு உகந்த கூடுகட்டும் இடங்கள். இராமதேவர பெட்டாவில் கருங்கழுத்துப் பாறுகளும் மஞ்சள்முகப் பாறுகளும் வாழ்ந்து வந்துள்ளன. வெண்முதுகுப் பாறு பெரும்பாலும் மரங்களில் கூடு கட்டுவது. கருங்கழுத்துப் பாறுக்கோ பாறை முகடே வேண்டும். அதனால்தான் இத்தகைய குன்றுகளை இழந்தால் அதற்கு மாற்றிடம் எளிதில் கிட்டுவதில்லை.

1990களிலிருந்து இந்தியா முழுவதும் பாறுகள் பெருமளவில் அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்தே முதன்மைக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அம்மருந்து செலுத்தப்பட்டபின் இறந்த மாட்டின் இறைச்சியை உண்ணும் பாறு சிறுநீரகம் செயலிழந்து மடிகிறது. கால்நடைப் பயன்பாட்டுக்கு இம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுவதைத் தடுக்க 2015இல் அவையும் தடுக்கப்பட்டன. 2023இல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியனவும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. தமிழ்நாட்டில் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கே இப்பறவைகளின் முதன்மைப் புகலிடமாக எஞ்சியுள்ளது.

2012ஆம் ஆண்டில் கருநாடக அரசு இராமதேவர பெட்டாவில் 346.41 எக்டேர் பரப்பைப் பாறுகள் சரணாலயமாக அறிவித்தது. பாறுகளுக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவாகும். எனினும் பறவைகளின் எண்ணிக்கை ஒரு சிலவாகவே இருந்து வருகிறது. கருங்கழுத்துப் பாறு இணை ஒன்று ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதால், ஒரு கூடு கைவிடப்பட்டாலும் அவ்வாண்டின் இனப்பெருக்கம் பறிபோய்விடும். பாறை ஏறுவோர், கோயிலுக்கு வரும் கூட்டம், சுற்றுலாப் பயணிகளின் இரைச்சல், அண்டையிலுள்ள கல்லுடைப்பு ஆகியன எல்லாம் கூடுகளுக்கு இடையூறு.

திரைப்படப் புகழும் இங்கு ஒரு சிக்கலாகிறது. ஷோலே சிற்றூரை முப்பரிமாணக் காட்சியாக மீளமைத்துச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் திட்டம் ஒன்று 2017இல் கருநாடகச் சுற்றுலாத் துறையால் பேசப்பட்டது. ஊருக்கு வருவாய் தரும் என்பது அதற்கான வாதம். பாறுகள் வாழும் இடத்தில் மேலும் கூட்டத்தை வரவழைப்பது எவ்வகையில் பொருந்தும் என்பது பறவை ஆர்வலர்களின் கேள்வி. அடுத்த ஆண்டு, அப்போதைய முதலமைச்சர் எச். டி. குமாரசாமி இராமநகரத்தில் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என அறிவித்தார். பின்வந்த அரசுகளின் நாட்டம் வேறு இடங்களுக்கு மாறியது. பறவைகள் இல்லாத பிற குன்றடிகள் இதே வட்டாரத்தில் பல இருக்க, நினைவுச் சின்னத்தைச் சரணாலயத்தின் வாயிலிலேயே நட வேண்டியதில்லை என்னும் வாதத்தில் வலு இருக்கிறது. 1973இல் கொட்டகைகளும் விளக்குகளும் குதிரைகளும் நிறைந்திருந்த காலத்தில் பாறைமேலிருந்த பறவைகளைப் பற்றி யாரும் குறித்து வைக்கவில்லை. அன்று அவை அரிய பறவைகளாக இல்லை.

சென்று காணுதல்

இராமநகரம் பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதையில் ஒரு நிலையம். ஓசூரிலிருந்து செல்வோர் பெங்களூரு வழியாகத் தொடருந்திலோ பேருந்திலோ செல்லலாம். 2023 மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை இராமநகரத்தையும் சென்னபட்டணத்தையும் ஊருக்குள் நுழையாமல் புறவழியாகக் கடக்கிறது. எனவே சொந்த வண்டியில் வருவோர் பழைய நெடுஞ்சாலைக்கு இறங்கினால்தான் குன்றுகளை நெருங்க முடியும். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் நுழைவுச் சீட்டு பெற வேண்டும். கல்லில் வெட்டிய படிகள் வழியாகக் கோயில் வரை ஏறலாம். படிகளை விட்டு விலகிப் பாறை ஏறுவது கூடாது. வெயில் ஏறுமுன் செல்வது நலம். பாறுகளைக் காண விரும்புவோர் இருகண் நோக்கியுடன் அடிவாரத்திலேயே நின்று, வெள்ளை எச்சம் வடிந்த பாறைத்திட்டுகளை நோக்க வேண்டும். கூடுகள் இருக்கும் இடங்களை அவ்வெண்மையே காட்டிக்கொடுக்கும்.

மலையடியில் ஓடும் அர்க்காவதி, கனகபுரத்தைக் கடந்து சங்கமா என்னுமிடத்தில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து மேகதாட்டு வழியாகத் தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் காவிரி ஒகேனக்கலை அடைகிறது. 1992இல் வெளிவந்த ரோசா படத்தின் முதல் பாடலுக்கான காட்சிகளுட் சில ஒகேனக்கல் அருவியில் எடுக்கப்பட்டவை.